செவ்வியல் கட்டடக்கலையை இன்று கற்பது எப்படி? ஒரு தூணில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

கிரேக்க, ரோமானியக் கட்டடங்களைப் பார்த்து மனம் போய், இந்தக் கலையை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவருக்குப் பொதுவாக ஒரு புத்தகப் பட்டியல்தான் கிடைக்கும். இல்லையென்றால் காலவரிசையில் நூறு கட்டடங்களைக் காட்டும் காணொளித் தொடர். இரண்டும் பயனுள்ளவைதான். ஆனால் இரண்டையும் முடித்த பிறகும் ஒரு வாசல் மண்டபத்தை வரையச் சொன்னால் கை ஓடாது. நான் சொல்லும் தொடக்கம் வேறு: செவ்வியல் மரபின் ஐந்து தூண் முறைகளில் ஒன்றான டோரிக்கில் ஒரே ஒரு தூணை, அடி முதல் முடி வரை, அளவு பார்த்துக் கையால் வரையுங்கள். வரலாறு, நூல்கள், பயணம், கணினி எல்லாம் அதன் பின்னால் வந்து சேரும்.

இது புதிய யோசனை இல்லை. பாரிஸின் எகோல் தெ போசார் கலைப் பள்ளியிலும், அதைப் பின்பற்றிய பல நாட்டுக் கல்லூரிகளிலும் மாணவர்கள் இப்படித்தான் தொடங்கினார்கள். 20ஆம் நூற்றாண்டில் நவீனக் கட்டடக்கலை வகுப்பறைகளைப் பிடித்தபோது இந்தப் பயிற்சி மெல்ல விடுபட்டது. 1968இல் அந்தப் பாரிஸ் பள்ளியின் கட்டடக்கலைப் பிரிவே முடிவுக்கு வந்தது. இன்று பெரும்பாலான கல்லூரிகளில் செவ்வியல் கட்டடக்கலை ஒரு வரலாற்றுத் தாள் மட்டும்தான். வரைந்து, கட்டிப் பழகும் பாடமாக அது இல்லை. அதனால் கற்க விரும்புகிறவர் பாதிக்கு மேல் தானாகவே கற்க வேண்டியிருக்கிறது. அது முடியும். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

படி 1: உறுப்புகளின் பெயர், அவற்றின் வேலை

கீழிருந்து மேலாக மூன்று அடுக்குகள்: பீடம், தூண், தூணுக்கு மேலே கிடக்கும் மேற்கட்டு. பீடம் இல்லாமலும் அமையலாம். தூணில் அடி, தண்டு, தலை. மேற்கட்டில் உத்திரம், அதற்கு மேல் ஃப்ரீஸ் என்னும் பட்டை, எல்லாவற்றுக்கும் மேல் வெளியே நீட்டி நிற்கும் கார்னிஸ். இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்வது ஒரு மாலைப்பொழுது வேலை.

பெயரோடு நிறுத்தாமல், ஒவ்வொரு உறுப்பையும் பார்த்து மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எந்தப் பாரத்தைத் தாங்குகிறது? மழை நீரை எப்படித் தள்ளுகிறது? வெயிலில் என்ன நிழலைத் தருகிறது? கார்னிஸ் முன்னுக்கு நீள்வது அழகுக்காக மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. அதன் வேலை சுவரின் மீது தண்ணீர் வழியாமல் பார்த்துக்கொள்வது. அடிப்புறத்தில் நீர் சொட்டி விழ ஒரு வெட்டும் இருக்கும். டோரிக் ஃப்ரீஸில் மூன்று கோடுகளோடு தெரியும் டிரைகிளிஃப் பலகைகள் மரக் கட்டடக் காலத்துக் குறுக்கு விட்ட முனைகளின் நினைவு என்று பண்டைய ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் விளக்குகிறார். அதன் கீழே வரிசையாகத் தொங்கும் சிறு குமிழ்கள் மர ஆணிகளை நினைவூட்டுகின்றன. மரத்தில் பிறந்த ஒரு மூட்டு கல்லில் நின்றுவிட்டது. இது புரிந்த பிறகு டிரைகிளிஃப்பை நினைத்த இடத்தில் ஒட்டுவதற்கு உங்கள் கை தயங்கும்.

படி 2: ஒரு டோரிக் தூணை முழுதாக வரையுங்கள்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். தேவையானவை: ஏ2 தாள், வரைபலகை, டி-ஸ்கொயர், செட் ஸ்கொயர், காம்பஸ், டிவைடர், ஒரு 2எச் பென்சில், ஒரு எச்பி பென்சில். கணினியை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். திரையில் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்பதால், எந்தக் கோடு முக்கியம், எது சின்னது என்ற உணர்வு வருவதில்லை. தாளில் 2 மில்லிமீட்டர் என்றால் 2 மில்லிமீட்டர்தான்.

பின்பற்ற வேண்டிய கணக்கு, இத்தாலியக் கட்டடக்கலைஞர் விஞோலா 1562இல் வெளியிட்டது. அவர் அடிகளிலோ முழங்களிலோ அளவு தரவில்லை. தூணின் அடி விட்டத்தில் பாதியை ஒரு மாட்யூல் என்று வைத்து, மீதி எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் சொன்னார். டோரிக்கில் ஒரு மாட்யூலை 12 பங்காகப் பிரிப்பார். பீடம் இல்லாத டோரிக்கின் மொத்த உயரம் 20 மாட்யூல்: தூணுக்கு 16, மேற்கட்டுக்கு 4.

தாளில் மொத்த உயரத்தை 48 சென்டிமீட்டர் என்று எடுங்கள். ஒரு மாட்யூல் 2.4 சென்டிமீட்டர், ஒரு பங்கு சரியாக 2 மில்லிமீட்டர் வரும். கணக்குத் தொல்லை இல்லை. நடுவில் ஒரு செங்குத்து அச்சுக் கோடு போடுங்கள். தூணின் உயரம் 38.4 சென்டிமீட்டர். அதில் அடிக்கு 2.4, தலைக்கு 2.4 போக, தண்டுக்கு 33.6. மேலே உத்திரம் 2.4, ஃப்ரீஸ் 3.6, கார்னிஸ் 3.6. தண்டின் அடி விட்டம் 4.8, உச்சியில் அது ஆறில் ஐந்தாகக் குறைந்து 4 சென்டிமீட்டர் ஆகும்.

இந்தக் குறுகலை நேர்கோடாகப் போடக்கூடாது. தண்டின் கீழ் மூன்றில் ஒரு பகுதி, அதாவது 11.2 சென்டிமீட்டர், நேராக ஏறும். அந்த மட்டத்தில் 4.8 விட்டத்துக்கு ஓர் அரைவட்டம் போடுங்கள். உச்சியின் ஓர் ஓரத்திலிருந்து செங்குத்தாக ஒரு கோட்டை இறக்கினால் அது அரைவட்டத்தின் வில்லை ஓரிடத்தில் தொடும். அந்த இடத்துக்கும் அதே பக்கத்து அரைவட்ட முனைக்கும் இடையிலுள்ள வில்லைச் சம துண்டுகளாகப் பிரியுங்கள், நான்கு போதும். தண்டின் மேல் பகுதியையும் அதே எண்ணிக்கையில் கிடைக்கோடுகளால் பிரியுங்கள். வில்லின் ஒவ்வொரு புள்ளியையும் அதற்குரிய கிடைக்கோடு வரை ஏற்றிக் குறித்து, குறிகளை மென்மையாக இணையுங்கள். கண்ணுக்கு வளைவு என்றே தெரியாத ஒரு வளைவு கிடைக்கும். அதுதான் தூணுக்கு உயிர் தருவது. கடையில் அச்சில் வார்த்து விற்கும் தூண்கள் பல ஏன் குழாய் போல நிற்கின்றன என்பது இதை ஒருமுறை வரைந்தவருக்குச் சொல்லாமலே புரியும்.

இன்னும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். உத்திரத்தின் முகம் தண்டின் உச்சி விட்டத்தோடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும். உங்கள் தாளில் அச்சிலிருந்து 2 சென்டிமீட்டர். இன்று கட்டப்படும் ‘செவ்வியல்’ முகப்புகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான், பெரும்பாலும் தவறாக இருப்பதும் இதுதான். உத்திரம் தூணின் தலையைத் தாண்டி வெளியே பிதுங்கும், அல்லது மிக மெலிந்து உள்ளே ஒடுங்கும். இரண்டிலும் பாரம் தூணுக்குள் இறங்குவது போலத் தெரியாது. அடுத்தது டிரைகிளிஃப். அகலம் 1 மாட்யூல், உயரம் ஒன்றரை. இரண்டு டிரைகிளிஃப்புக்கு இடையிலுள்ள மெடோப் என்னும் பலகை ஒன்றரைக்கு ஒன்றரை சதுரம். ஒரு டிரைகிளிஃப் தூணின் அச்சின் மேல் உட்கார வேண்டும். அப்படியென்றால் அடுத்தடுத்த டிரைகிளிஃப் அச்சுகளுக்கு இடையே இரண்டரை மாட்யூல் வருகிறது. ஆகவே டோரிக் தூண்களை நினைத்த தூரத்தில் நிறுத்த முடியாது; இடைவெளி இரண்டரையின் மடங்காகத்தான் இருக்க முடியும். மேலே இருக்கும் ஒரு பலகை, தரையில் தூண் எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது! இதை நீங்களே கோடு போட்டுக் கண்டுபிடிக்கும் நேரம்தான் இந்தக் கலை பிடிபடும் நேரம்.

முதல் தாள் சுமாராகத்தான் வரும். இரண்டாவதை வரையுங்கள்.

படி 3: மற்ற நான்கு முறைகள்

விஞோலாவின் கணக்கில் தூணின் உயரம் டஸ்கனுக்கு 7 விட்டம், டோரிக்குக்கு 8, அயோனிக்குக்கு 9, கொரிந்தியனுக்கும் காம்போசிட்டுக்கும் 10. எல்லாவற்றிலும் மேற்கட்டு, தூணின் உயரத்தில் நான்கில் ஒன்று. பீடமும் சேர்ந்தால் பீடம், தூண், மேற்கட்டு மூன்றும் 4:12:3 என்ற விகிதத்தில் நிற்கும். இந்த ஐந்து எண்களும் இந்த ஒரு விகிதமும் நினைவில் இருந்தால், சாலையில் நின்றபடியே ஒரு முகப்பை ஓரளவு எடைபோட்டுவிடலாம்.

டஸ்கன் எளிது, ஓர் உட்காரலில் முடியும். அயோனிக்கின் தலையிலுள்ள சுருளை காம்பஸால் வரைவது சிரமம். அதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். கொரிந்தியனின் தலையைச் சுற்றியுள்ள அகாந்தஸ் இலைகளைக் கடைசிக்கு வையுங்கள். ஓவியக் கை இல்லாமல் அதைத் தொட்டால் சலிப்புத்தான் மிஞ்சும்.

அப்புறம், விஞோலாவைச் சட்டப்புத்தகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தன் டோரிக்குக்கு ரோமிலுள்ள மார்செல்லஸ் அரங்கையே அடிப்படையாகக் கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். கி.மு. 447இல் தொடங்கிய ஏதென்ஸின் பார்த்தெனான் கோவிலின் டோரிக் தூண்களுக்கு அடியே கிடையாது. நேராகப் படி மேடையில் நிற்கின்றன. உயரம் சுமார் 10.4 மீட்டர், அடி விட்டம் சுமார் 1.9 மீட்டர். அதாவது ஐந்தரை விட்டம்தான், விஞோலாவின் எட்டு அல்ல. இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பாருங்கள். ஒரே பெயருடைய இரண்டு தூண்கள் எவ்வளவு வேறுபட்ட குணத்தோடு நிற்கின்றன என்பது தெரியும். விதி தெரிந்த பிறகுதான் இந்த வேறுபாட்டின் சுவை தெரியும் என்பதால்தான் விதியிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

படி 4: மோல்டிங்கும் நிழலும்

தூண்களைவிட, உறுப்புகளின் விளிம்பில் ஓடும் வடித்த பட்டைகளான மோல்டிங்குகள்தான் ஒரு வடிவமைப்பாளரின் கைத்திறனைக் காட்டிக்கொடுக்கும். அடிப்படை வடிவங்கள் எண்ணிக்கையில் குறைவு. ஓவோலோ வெளிப்புறம் புடைத்த கால்வட்டம். கவெட்டோ உட்குழிந்த கால்வட்டம். சைமா ரெக்டா மேலே குழிந்து கீழே புடைக்கும். சைமா ரிவர்சா அதன் தலைகீழ். டோரஸ் பருத்த அரைவட்டம், அஸ்ட்ரகல் அதன் சிறிய வடிவம். ஸ்கோஷியா ஆழமான குழிவு. இவற்றுக்கு நடுவே ஃபில்லட் என்னும் தட்டையான சிறு பட்டை.

ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு. ஓவோலோவும் சைமா ரிவர்சாவும் மேலே உள்ளதைத் தாங்கும் இடத்துக்குப் பொருந்தும், ஏனென்றால் அவற்றின் மேல் விளிம்பு தடித்து உறுதியாகத் தெரியும். சைமா ரெக்டாவின் மேல் விளிம்பு மெல்லியது. அதன் மேல் எதையும் வைக்கக்கூடாது, அது முடிக்கும் உறுப்பு. டோரஸும் ஸ்கோஷியாவும் தூணின் அடிக்கு. இதைத் தலைகீழாக மாற்றிவைத்த கதவுச் சட்டங்களைக் கடைகளில் நிறையப் பார்க்கலாம். ஏதோ இடிக்கிறது என்று கண் சொல்லும், காரணம் தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரியும்.

நிழல் பயிற்சி இப்படி: ஒளி இடது மேல் மூலையிலிருந்து 45 பாகையில் விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரு தட்டையான நீட்டம் எவ்வளவு முன்னுக்கு வருகிறதோ, அதன் கீழே அதே அளவு ஆழத்துக்கு நிழல் விழும். நீங்கள் வரைந்த டோரிக் கார்னிஸுக்கு இந்த நிழலைப் பென்சிலாலோ நீர்த்த மையாலோ போடுங்கள். எங்கே இருட்டு திரண்டு நிற்கிறது, எங்கே வெளிச்சம் படிப்படியாக மங்குகிறது என்று பாருங்கள். ஒரே அளவிலான மோல்டிங்குகளை வரிசையாக அடுக்கினால் நிழல் சலிப்பாக இருக்கும். பெரியது, சிறியது, தட்டை, வளைவு என்று மாற்றினால்தான் தெளிவு வரும். ரோமானியர்கள் வட்ட வில்லைக் கொண்டு வடித்தார்கள். கிரேக்க வடிவங்கள் நீள்வட்டம், அதிபரவளையம் போன்ற வளைவுகளுக்கு நெருக்கமானவை, அதனால் நிழல் இன்னும் நுட்பமாக மாறும். என் மனம் கிரேக்கத்தின் பக்கம்தான் சாய்கிறது, ஆனால் பழக ரோமானிய முறை எளிது.

படி 5: உண்மையான கட்டடத்தை அளவெடுங்கள்

இந்த மரபு முழுவதும் அளவெடுத்தவர்களால் வளர்ந்தது. இத்தாலியக் கட்டடக்கலைஞர் பல்லாடியோ ரோமானியச் சிதைவுகளைத் தானே அளந்தார். பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர்களான ஸ்டூவர்ட்டும் ரெவெட்டும் 1751 முதல் ஏதென்ஸில் அளந்து, 1762இல் முதல் தொகுதியை வெளியிட்ட பிறகுதான் மேற்கு ஐரோப்பாவுக்குக் கிரேக்க டோரிக் சரியாகத் தெரிந்தது. 1840களில் ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் பென்ரோஸ் பார்த்தெனானைத் துல்லியமாக அளந்தபோது, நேர்கோடு என்று நம்பப்பட்ட படி மேடை நடுவில் மெல்ல உயர்ந்திருப்பது எண்களோடு உறுதியானது: குறுகிய பக்கங்களில் சுமார் 6 சென்டிமீட்டர், நீண்ட பக்கங்களில் சுமார் 11. கண்ணால் மட்டும் பார்த்திருந்தால் இது யாருக்கும் கிடைத்திருக்காது.

உங்களுக்கு ஏதென்ஸ் போக வேண்டும் என்றில்லை. பழைய வங்கி, நீதிமன்றம், நூலகம், தபால் நிலையம் என்று செவ்வியல் தூண்கள் உலகின் பல நகரங்களில் நிற்கின்றன. அனுமதி வாங்கிக்கொண்டு, டேப், தூக்குக்குண்டு, மோல்டிங்கின் குறுக்குவடிவத்தைப் பிடிக்கும் புரொஃபைல் கேஜ் ஆகியவற்றோடு செல்லுங்கள். எட்டாத உயரத்துக்கு, அளவு தெரிந்த ஒரு கோலைச் சுவரோடு நிறுத்திப் புகைப்படம் எடுத்துக் கணக்கிடலாம். கல் வரிசைகளை எண்ணியும் கணக்கிடலாம். முழுக் கட்டடத்தையும் எடுத்துக்கொண்டு திணற வேண்டாம்; ஒரு கதவு, ஒரு சன்னல், ஒரு தூண் போதும். வீட்டுக்கு வந்து அதை அளவுக்கு வரைந்து, விஞோலாவோடு ஒப்பிடுங்கள். வடிவமைத்தவர் எங்கே விலகினார், ஏன் விலகியிருப்பார் என்று எழுதி வையுங்கள். அருங்காட்சியகங்களின் பிளாஸ்டர் வார்ப்புகளும் நல்ல ஆசான்கள். லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1873இல் திறந்த வார்ப்புக் கூடங்களில் ரோமின் டிராஜன் தூணின் முழு அளவு வார்ப்பே இரண்டு துண்டுகளாக நிற்கிறது.

படி 6: அறையும் இடைவெளியும்

தூண் தெரிந்தவுடன் முகப்பு தெரிந்துவிட்டது என்று நினைப்பது இயல்பு. அறையின் விகிதம் தெரியாத முகப்பு வெறும் முகமூடி. பல்லாடியோ 1570இல் வெளியிட்ட நான்கு நூல்களில் ஏழு அறை வடிவங்களைப் பரிந்துரைக்கிறார்: வட்டம், சதுரம், சதுரத்தின் மூலைவிட்டத்தை நீளமாகக் கொண்டது, பின் அகலத்துக்கு நீளம் 3:4, 2:3, 3:5, 1:2 ஆக உள்ளவை. தட்டையான கூரை என்றால் உயரம் அகலத்துக்குச் சமம். வளைவுக் கூரை என்றால் நீளத்துக்கும் அகலத்துக்கும் இடைப்பட்ட ஒரு சராசரி. 6க்கு 12 அறையை எடுங்கள். கூட்டுச் சராசரி 9, பெருக்குச் சராசரி ஏறத்தாழ 8.5, இசைச் சராசரி 8. ஒரே தரைப்படத்துக்கு மூன்று உயரங்களில் மூன்று செக்‌ஷன் (குறுக்குவெட்டுப் படம்) வரைந்து, அறையின் தன்மை மாறுவதைப் பாருங்கள்.

படி 7: கட்டும் பொருள்

கல் உத்திரம் வளைவு விசையில் எளிதில் விரிசல் விடும். அதனால்தான் கோவில் தூண்கள் நெருக்கமாக நிற்கின்றன. வளைவும் கான்கிரீட்டும் வந்தபோது ரோமானியர்களால் ரோமிலுள்ள பாந்தியன் கோவிலைக் கட்ட முடிந்தது. ஹேட்ரியன் காலத்து அந்தக் குவிமாடத்தின் உள் விட்டம் 43.3 மீட்டர். தரையிலிருந்து உச்சித் திறப்பு வரையிலான உயரமும் அதுவே. உள்ளே கம்பி கிடையாது. மேலே போகப் போக கான்கிரீட்டில் கலந்த கற்கள் இலகுவாகின்றன, உச்சியில் நுரைக்கல்.

சுண்ணாம்பைத் தனியாகப் படியுங்கள். சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 பாகை செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். நீற்றிப் பூசிய பிறகு காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாக இறுகும். ஈரம் அதன் வழியே வெளியேறும். பழைய சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கிக் கல்லை உதிர்க்கும். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்க நினைப்பவருக்கு இதைவிட முக்கியமான பாடம் இல்லை. வாய்ப்பு கிடைத்தால் ஒரு தகட்டில் மோல்டிங்கின் வடிவை வெட்டி, ஈரப் பிளாஸ்டர் மேல் இழுத்துப் பாருங்கள். படி 4இல் வரைந்தது உங்கள் முன்னால் எழுந்து நிற்கும்.

படி 8: நூல்களும் ஆசிரியர்களும்

இப்போது நூல்களுக்கு வாருங்கள். விஞோலா, பல்லாடியோ, விட்ருவியஸ் மூவரும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கிறார்கள். விட்ருவியஸின் பத்து நூல்களில் மூன்றாவதும் நான்காவதும் கோவில்களையும் தூண் முறைகளையும் பேசுபவை, இரண்டாவது கட்டுமானப் பொருள்களை. மீதியைப் பின்னர் படிக்கலாம்.

நேரில் கற்க, அமெரிக்காவின் நோட்ரடேம் பல்கலைக்கழகம் இந்தப் பயிற்சியை முழுப் பாடத்திட்டமாகவே தருகிறது. மாணவர்கள் ஓராண்டை ரோமில் கழிக்கிறார்கள். நியூயார்க்கை மையமாகக் கொண்ட செவ்வியல் கட்டடக்கலை மற்றும் கலை நிறுவனம் குறுகிய வகுப்புகளும் இலவசக் காணொளிகளும் தருகிறது. 2001இல் தொடங்கிய, மரபுக் கட்டடக்கலைக்கான இன்ட்பாவ் அமைப்பு பல நாடுகளில் கோடைகாலப் பள்ளிகள் நடத்துகிறது. இன்று கட்டப்படுவதைப் பார்க்க, கட்டடக்கலைஞர் லியோன் கிரியர் திட்டமிட்டு 1993இல் கட்டத் தொடங்கிய இங்கிலாந்தின் பவுண்ட்பரி குடியிருப்பு நல்ல இடம். அதில் எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். சில முகப்புகளில் அலங்காரம் அதிகம். தெருக்களின் அளவு மட்டும் அருமை.

மரபு என்றால் கிரேக்கத் தூண் மட்டும்தான் என்றும் எண்ண வேண்டாம். 2003இல் கிரியருக்கு முதலில் தரப்பட்ட, மரபுக் கட்டடக்கலைக்கான டிரீஹாஸ் பரிசு, 2009இல் எகிப்தில் பிறந்து பல மசூதிகளை வடிவமைத்த அப்தெல்-வாஹித் எல்-வாகிலுக்குப் போனது. 1103இல் வெளியான சீனக் கட்டட நூலான யிங்ட்ஸாவ் ஃபாஷி மரக்கட்டையின் குறுக்களவை எட்டுத் தரமாகப் பிரித்து, அதிலிருந்தே கட்டடத்தின் மற்ற அளவுகளை வருவிக்கிறது. மாட்யூலில் கை பழகியவருக்கு அது அந்நியமாக இருக்காது.

படி 9: முதல் வடிவமைப்பு

சரி, இப்போது சொந்தமாக ஒன்று. நான்கு டஸ்கன் தூண்களோடு ஒரு சிறு முகமண்டபம் எடுங்கள். தரையிலிருந்து கார்னிஸ் முடிவு வரை 3.5 மீட்டர். டஸ்கனில் தூணுக்கு 14 மாட்யூல், மேற்கட்டுக்கு மூன்றரை, ஆக பதினேழரை. ஒரு மாட்யூல் 20 சென்டிமீட்டர், தூணின் விட்டம் 40. விட்ருவியஸ் மிகவும் விரும்பிய இடைவெளி இரண்டேகால் விட்டம், நடு இடைவெளிக்கு மட்டும் மூன்று. ஆக ஓரங்களில் 90 சென்டிமீட்டர், நடுவில் 120. தண்டுகளின் அடியில் அளந்தால் முகப்பு அகலம் 4.6 மீட்டர் வருகிறது.

மேலே முக்கோண முகப்பு வைத்தால், அதன் உட்பரப்பின் உயரத்துக்குக் கார்னிஸின் நீளத்தில் ஒன்பதில் ஒரு பங்கு என்று தொடங்குங்கள். உச்சியிலுள்ள சைமா சாய்வுக் கார்னிஸில் மட்டும் ஏறிப் போக வேண்டும். கிடைக் கார்னிஸில் அது வராது, ஏனென்றால் அது கூரை நீரைப் பிடிக்கும் இடத்து உறுப்பு.

1:10 அளவில் அட்டையில் செய்து, கண்மட்டத்தில் வைத்துப் புகைப்படம் எடுங்கள். பிறகு கார்னிஸின் குறுக்குவடிவத்தை முழு அளவில் தடித்த அட்டையிலோ தெர்மோகோலிலோ வெட்டி, வெளிச்சுவரில் அதே உயரத்தில் பொருத்துங்கள். காலையிலும் நண்பகலிலும் கீழே நின்று பாருங்கள். தாளில் தெளிவாக இருந்த ஒரு ஃபில்லட் மேலே போனதும் காணாமல் போகலாம், நீட்டம் போதாமல் இருக்கலாம். திருத்தி, மறுபடி வெட்டிப் பொருத்துங்கள். அளவு சரியான பிறகு வரைபடத்தைக் கொத்தனாரிடம் கொடுங்கள், அந்த அட்டை வடிவத்தையும் சேர்த்தே.